முதல் மராத்தானின் போட்டி நாள்: எப்படித் தயாராவது, எங்கே கோட்டை விடுவார்கள்

கேள்வி இதுதான்: மாதக்கணக்கில் பயிற்சி முடிந்தது, 30 கி.மீ.க்கு மேற்பட்ட நீண்ட ஓட்டங்களும் ஆகிவிட்டன, போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்த நாளுக்கு எப்படித் தயாராவது? 42.195 கி.மீ. முழுவதையும் வதைபடாமல் ரசித்து ஓட முடியுமா?

முடியும். ரசிப்பதும் ரசிக்காததும் மனநிலையைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மராத்தானில் அது பெரும்பாலும் சர்க்கரைக் கணக்கு. தசைக்கும் மூளைக்கும் எரிபொருள் இருக்கும் வரை கூட்டத்தின் ஆரவாரம் இனிக்கும். தீர்ந்துபோனால் அதே ஆரவாரம் எரிச்சலூட்டும். அதனால் கீழே வயிற்றுக்கும் முதல் 10 கி.மீ. வேகத்துக்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். மீதியெல்லாம் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டிய சில்லறை வேலைகள். ஆனால் சில்லறை வேலையைத் தவறவிட்டுத்தான் நிறைய பேர் அவதிப்படுகிறார்கள்.

கடைசி இரண்டு வாரம்

இந்த இரண்டு வாரத்தில் புதிதாக எந்தத் திறனும் உடம்பில் சேராது. இப்போது செய்யும் கடும் பயிற்சியின் பலன் போட்டிக்குப் பிறகுதான் வந்து சேரும், களைப்பு மட்டும் போட்டியன்றே வந்து நிற்கும். வாராந்திர மொத்தத் தூரத்தை வழக்கத்தின் 60 சதவீதத்துக்கும், கடைசி வாரம் 40 சதவீதத்துக்கும் இறக்குங்கள். ஓட்டங்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் வெட்டுவது நல்லது. போட்டி வேகத்தில் 3 அல்லது 4 கி.மீ. கொண்ட ஒரு சிறு ஓட்டத்தைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொண்டால் கால்கள் அந்த வேகத்தை மறக்காது. திடீரென முழங்கால் லேசாக வலிப்பது, தொண்டை கரகரப்பது போலத் தோன்றுவது எல்லாம் இந்தக் காலத்தில் சகஜம். ஓட்டம் குறைந்ததும் கவனம் உடம்பின் மேல் திரும்பிவிடுகிறது. காய்ச்சல் வந்தால் மட்டும் பேச்சே இல்லை: ஓடக் கூடாது. காய்ச்சலோடு நீண்ட தூரம் ஓடினால் இதயத் தசை அழற்சி வரும் ஆபத்து உண்டு.

ஷூ புத்தம்புதியதாகவும் இருக்கக் கூடாது, தேய்ந்ததாகவும் இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு நீண்ட ஓட்டத்தையும் சேர்த்து 50 கி.மீ. அளவுக்குப் பழகியிருந்தால் சரி. பெருவிரலுக்கும் ஷூ நுனிக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மணிக்கணக்கில் ஓடும்போது பாதம் வீங்கும், இறக்கங்களில் முன்னோக்கிச் சறுக்கும். இடம் போதாமல்தான் நகம் கறுக்கிறது. நகங்களைப் போட்டிக்கு மூன்று நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முந்தைய இரவு வெட்டி ஓரத்தில் சதையைக் கீறிக்கொண்டால் 42 கி.மீ.யும் அது உறுத்தும். ஷூவின் மேல்நுனியில் உள்ள கூடுதல் துளையில் கயிற்றை வளையமாகக் கோத்துக் கட்டினால் குதிகால் நழுவாது. முடிச்சு இரட்டை முடிச்சாக இருக்கட்டும். 25ஆவது கி.மீ.யில் குனிந்து ஷூ கட்டும்போதுதான் பலருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

மாவுச்சத்து ஏற்றுவது

மனிதர் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மராத்தான் முழுவதற்கும் சுமார் 2,500 கலோரி ஆகும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்துவைக்கக்கூடிய மாவுச்சத்து 400 முதல் 500 கிராம், அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. குறைவதைக் கொழுப்பு ஓரளவு ஈடுகட்டும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். 30 கி.மீ.க்குப் பிறகு பலர் ‘சுவரில்’ மோதி நிற்பதற்கு இந்தப் பற்றாக்குறைதான் முக்கியக் காரணம்.

அதனால் முந்தைய ஒன்றரை முதல் இரண்டு நாள் கிளைகோஜனை நிரப்பும் நேரம். விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து. முதல்முறை செய்பவர்களுக்கு 8 முதல் 10 கிராமே பெரிய வேலை. 60 கிலோ எடைக்கு அது 480 முதல் 600 கிராம். 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் 28 கிராம், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25, அரை லிட்டர் பழச்சாற்றில் 50, ஒரு மேசைக்கரண்டி தேனில் 17 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சோறு மட்டும் தின்று 600-ஐ எட்டுவது எவ்வளவு கடினம் என்று தெரியும். பானங்களும் இனிப்பும் அதற்குத்தான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, மாவுச்சத்தை ஏற்றச் சொன்னால் மொத்த உணவையும் ஏற்றுவது. எண்ணெயும் இறைச்சியும் காய்கறியும் தட்டில் குறைந்தால்தான் மாவுச்சத்துக்கு இடம் கிடைக்கும். நார்ச்சத்தைக் கடைசி ஒன்றரை நாள் குறைத்துவிடுங்கள்: பருப்பு, பயறு, முழுதானியம், பச்சைக் காய்கறி, தோலோடு பழம் எல்லாம் ஓய்வெடுக்கட்டும். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, தோலுரித்த உருளைக்கிழங்கு என்று சாதாரண நாளில் மருத்துவர் முகம் சுளிக்கும் உணவுகள்தான் இப்போது வேண்டியவை. ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வதால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். கால் கனமாக இருப்பது போலத் தோன்றும். அது நிரம்பிவிட்டது என்பதற்கான அடையாளம், பதறிப்போய்ச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். கனமான விருந்தை முந்தைய இரவு வைத்துக்கொள்வதைவிட மதியமே வைத்துக்கொண்டு, இரவு உணவைச் சீக்கிரமாக, சிறிதாக முடிப்பது காலையில் வயிற்றுக்கு நல்லது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரோடு பேசித்தான் திட்டமிட வேண்டும்.

முந்தைய நாள்

எண் அட்டை வாங்கப் போகும் கண்காட்சியில் மூன்று மணி நேரம் சுற்றாதீர்கள். அங்கே வாங்கும் எதையும் மறுநாள் உடுத்தவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம்.

பிப் எனப்படும் எண் அட்டையின் பின்புறத்தில்தான் பெரும்பாலும் நேரம் பதியும் சிப் ஒட்டப்பட்டிருக்கும். அதை மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, மேலே ஜெல் (ஓடும்போது பிழிந்து உண்ணும் சர்க்கரைக் கூழ்) வைக்கும் பட்டையைக் கட்டி மறைக்கக் கூடாது. மறைத்தால் சில தூரங்களில் நேரம் பதியாமல் போகலாம். நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி, உடையை அணிந்து பார்த்து, கையை உயர்த்தினாலும் இழுக்கவில்லை என்று இரவே உறுதிசெய்யுங்கள். அட்டையின் பின்னால் அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எழுத இடம் இருக்கும். பேனாவால் நிரப்புங்கள். பலர் இதை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள், மயங்கி விழுந்தவரிடம் மருத்துவக் குழு கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத விவரங்கள் இவை.

எல்லாப் பொருளையும் தரையில் பரப்பி வையுங்கள்: உடை, உள்ளாடை, சாக்ஸ், ஷூ, பிப், ஜெல்கள், தொப்பி, கடிகாரம், வாஸ்லின், குப்பைப் பை ஒன்று, கொஞ்சம் கழிப்பறைக் காகிதம். கடிகாரத்தில் தானாக நிற்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் தண்ணீர் மேசையில் நின்ற நேரம் கணக்கில் வராமல், இலக்கு கைக்குள் இருப்பது போலப் பொய் காட்டும்.

தூக்கம் வராவிட்டால் கவலை வேண்டாம். முந்தைய இரவு மூன்று நான்கு மணி நேரமே தூங்கி நன்றாக ஓடியவர்கள் ஏராளம். அதற்கு முந்தைய இரவுத் தூக்கத்தைத்தான் விட்டுவிடக் கூடாது.

காலை

ஓட்டம் தொடங்குவதற்கு மூன்றரை மணி நேரம் முன்பு எழுந்து, மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 2 கிராம் மாவுச்சத்து போதும். வெள்ளை ரொட்டி நான்கு துண்டு, இரண்டு மேசைக்கரண்டி தேன், ஒரு வாழைப்பழம் என்றால் 110 முதல் 120 கிராம் வரும், 60 கிலோ எடைக்கு அது சரியாக இருக்கும். இரவு முழுக்கக் கல்லீரலில் இருந்த கிளைகோஜன் கரைந்திருக்கும். இந்த உணவு அதை நிரப்பத்தான், ஆகவே ‘பசி இல்லை’ என்று தவிர்க்கக் கூடாது. நீண்ட ஓட்டங்களுக்கு முன்பு சாப்பிட்டுப் பழகியதையே சாப்பிடுங்கள். காபி வழக்கம் இருந்தால் குடிக்கலாம், குடலையும் அது அசைத்துக் கொடுக்கும். வழக்கமே இல்லாதவர் போட்டியன்று தொடங்க வேண்டாம். தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு 400 மில்லி அளவு தண்ணீர் குடித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் மிகுதி வெளியேற நேரம் இருக்கும். நியூயார்க் மராத்தான் போலச் சில போட்டிகளில் அதிகாலையிலேயே தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் மணிக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். அப்படியானால் காலை உணவில் பாதியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

உரசும் இடங்களுக்கெல்லாம் வாஸ்லின்: அக்குள், உள்தொடை, விளையாட்டு உள்ளாடையின் பட்டை படும் இடம், கால்விரல் இடுக்கு. ஆண்களுக்கு மார்புக்காம்பில் வாஸ்லினைவிட ஒட்டும் டேப் நம்பகமானது. டேப்பை வாஸ்லின் தடவுவதற்கு முன்பே ஒட்டுங்கள், வழவழப்பின் மேல் எதுவும் நிற்காது. வலி வரக்கூடும் என்று இப்யூபுரூஃபன் வகை மாத்திரையை முன்கூட்டியே போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நீரிழப்போடு சேர்ந்து அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், குடலையும் புண்ணாக்கும். வேண்டாம்.

தொடக்க இடத்தில் கழிப்பறை வரிசை அரை மணி நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பவர்கள் உண்டு, பதற்றத்துக்கு அதுவே மருந்து, சிரிக்காதீர்கள். உள்ளே காகிதம் தீர்ந்திருக்கும் என்பதும் ஏறக்குறைய உறுதி. குளிராக இருந்தால் பழைய சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு நின்று, தொடங்கும்போது ஓரமாகக் கழற்றிப் போடலாம். குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் துளையிட்டால் காற்றும் தூறலும் தாங்கும்.

உடம்பைச் சூடேற்ற ஐந்து நிமிட நடை போதும். முதல் இரண்டு கிலோமீட்டரே மீதி வேலையைச் செய்துவிடும். பைகளை ஒப்படைக்கும் இடம் எப்போது மூடுகிறது, வேகத்துக்கேற்பப் பிரித்து நிற்கவைக்கும் தொடக்கப் பிரிவின் வாயில் எப்போது அடைபடுகிறது என்ற இரண்டு நேரத்தையும் முந்தைய நாளே குறித்துவையுங்கள், இரண்டும் துப்பாக்கி வெடிக்கும் நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிடும். உங்களுக்கு ஒதுக்கிய பிரிவுக்கு முன்னால் புகுந்து நிற்க வேண்டாம். சிப் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது என்பதால் பின்னால் நின்றால் நட்டம் ஒன்றும் இல்லை. முன்னால் நின்றால் அடுத்தவர் வேகத்துக்கு இழுபட்டு ஓடுவீர்கள்.

முதல் 10 கி.மீ.

4 மணி நேர இலக்கு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. இரண்டு வாரம் ஓய்ந்த கால்கள், நிரம்பிய கிளைகோஜன், கூட்டத்தின் பரபரப்பு எல்லாம் சேர்ந்து 5:20 வேகத்தை நடை போல உணரவைக்கும். அந்த உணர்வை நம்பக் கூடாது. 10 கி.மீ. வரை 5:20-இல் போனால் கிடைக்கும் லாபம் மூன்றரை நிமிடம். அதற்கு விலையாகக் கடைசி 12 கி.மீ. 7:00-க்கு விழுந்தால் போவது கிட்டத்தட்ட 16 நிமிடம். முன்கூட்டியே நேரத்தைச் சேமித்துவைக்கலாம் என்ற கணக்கு எவ்வளவு கடுவட்டிக் கணக்கு என்பது இதில் தெரியும்.

மாறாக, முதல் 3 கி.மீ.யை 5:55-இல் ஓடுங்கள். 42 விநாடி இழப்பீர்கள். அதை மீதி 39 கி.மீ.யில் பரப்பினால் கிலோமீட்டருக்கு ஒரு விநாடிதான் வரும். நெரிசலில் இடது வலமாகப் பாய்ந்து முந்துவதும் தேவையில்லாமல் போகும். பாதித் தூரம் வரை முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாக்கியத்தை உடைத்தால் வேகம் அதிகம், கடிகாரம் என்ன காட்டினாலும்.

உச்சத்தில் ஓடுபவர்களின் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2022 பெர்லின் மராத்தானில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51-இல் கடந்து, இரண்டாம் பாதிக்கு 61:18 எடுத்து, 2:01:09-இல் முடித்து உலகச் சாதனை படைத்தார். அதே நாட்டைச் சேர்ந்த, மறைந்த கெல்வின் கிப்டம் 2023 சிகாகோவில் முதல் பாதியை 60:48 என்று அடக்கி, இரண்டாம் பாதியை 59:47-இல் ஓடி, 2:00:35-இல் முடித்து அந்தச் சாதனையை முறியடித்தார். நமக்கு இரண்டாம் பாதி ஒரு நிமிடம் வேகமாக வராவிட்டால் பரவாயில்லை. இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கூடினால் அதுவே அருமையான ஓட்டம்.

கடிகாரத்தின் தூரத்தை முழுதாக நம்ப முடியாது. பாதையை அளப்பவர்கள் சாத்தியமான மிகக் குறுகிய கோட்டில் அளந்து, தவறிப்போயும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகச் சேர்க்கிறார்கள். வளைவுகளில் நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. முடிவில் கடிகாரம் 42.6 கி.மீ. காட்டினால், 4 மணி நேரத்துக்கு அது காட்டியிருக்க வேண்டிய வேகம் 5:38. 5:41 பார்த்தே ஓடியவர் கடைசியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் தவறவிட்டு, பாதையை நீளமாக அளந்துவிட்டதாகப் புகார் சொல்வார். சிகாகோ நடுநகரம் போல உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே ஜிபிஎஸ் ஒரேயடியாகத் தடுமாறும். சாலையோரக் கிலோமீட்டர் பலகை வரும்போது கடிகாரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டர் நேரத்தையும் தனியாகக் குறிக்கும் லேப் பொத்தானைக் கையால் அழுத்துவதே சரியான வழி. வளைவு வரும்முன் எதிரே தெரியும் அடுத்த வளைவின் உள்முனையைப் பார்த்து நேர்கோட்டில் ஓடுங்கள்.

ஏற்றத்தில் வேகத்தை விட்டுக்கொடுத்து மூச்சைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம்தான் ஏமாற்றும். சறுக்கிக்கொண்டு ஓடுவது சுகமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் நார்கள் கிழியும். பாஸ்டன் மராத்தான் ஹாப்கின்டனில் இறக்கத்தோடுதான் தொடங்குகிறது. அங்கே பாய்ந்தவர்கள் நியூட்டன் ஏற்றங்களை அடையும்போது, 26-க்கும் 33-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டர்களில், தொடையில் ஒன்றும் மிஞ்சாமல் தவிக்கிறார்கள்.

ஓடும்போது உண்பதும் குடிப்பதும்

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். 4 மணி நேரத்துக்கு: 30ஆவது நிமிடத்தில் முதல் ஜெல், பிறகு அரை மணிக்கு ஒன்று, கடைசியாக 3:30-இல் ஒன்று, ஆக 7. கைவசம் 8 இருக்கட்டும், ஒன்று நிச்சயம் கீழே விழும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டும் கலந்த ஜெல்லில் 90 கிராம் வரை போகலாம், ஆனால் அதற்குக் குடலைப் பயிற்சியிலேயே பழக்கியிருக்க வேண்டும்.

‘களைப்பு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஜெல்லைத் தள்ளிப்போடுவதுதான் அடிக்கடி நடப்பது. அது வேலை செய்யச் சில நிமிடங்களாவது ஆகும். மேலும் களைத்த உடம்பில் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும், குமட்டல்தான் மிஞ்சும். ஜெல்லைத் தண்ணீரோடு மட்டும் எடுங்கள். விளையாட்டுப் பானத்தோடு சேர்த்தால் வயிற்றில் சர்க்கரைச் செறிவு இரட்டிப்பாகி, குடல் தண்ணீரை உள்ளே இழுத்து, வயிற்றுப்போக்கில் முடியும். ஆகவே தண்ணீர் மேசை எந்தெந்தக் கிலோமீட்டரில் வருகிறது என்று பார்த்து, அதற்கு 200 மீட்டர் முன்பே ஜெல்லைப் பிரித்துவிடுங்கள்.

தண்ணீரை அதிகமாகக் குடிப்பது குறைவாகக் குடிப்பதைவிட ஆபத்தாக முடியலாம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதுதான் அதோடு மிக நெருக்கமாகத் தொடர்புபட்டிருந்தது. எடை கூடுவதென்றால் வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறார்கள். மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு குவளை குடிப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குவார்கள். தாகத்துக்குக் குடியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லிக்குள் அது அடங்கும். கை வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி ஆகியவற்றோடு குழப்பமும் சேர்ந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவ முகாமுக்குப் போங்கள்.

தண்ணீர் தரும் ஒவ்வொரு இடத்திலும் வரிசையாகப் போட்ட மேசைகளில் முதலாவதில் எப்போதும் நெரிசல்; அந்த வரிசையின் கடைசி மேசைக்குப் போங்கள். தன்னார்வலரின் கண்ணைப் பார்த்துக் கையைக் காட்டி வாங்கி, காகிதக் குவளையின் விளிம்பை இரண்டு விரலால் நசுக்கினால் கூர்மையான வாய் கிடைக்கும், மூக்கில் ஏறாது. பத்து விநாடி நடந்து குடிப்பதில் வெட்கம் இல்லை. அந்தப் பத்து விநாடி, இருமிக்கொண்டு ஓடும் கிலோமீட்டரைவிட மலிவு. தன்னார்வலருக்கு நன்றி சொல்ல மூச்சு இருக்கிறதா என்பதே வேகத்துக்கு நல்ல அளவுகோல்.

வெயில்

மராத்தானுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் மிக வசதி. 20 டிகிரியைத் தாண்டினால் நேர இலக்கைத் தொடக்கக் கோட்டிலேயே விட்டுவிடுங்கள், 25ஆவது கி.மீ.யில் அல்ல. ஈரப்பதம் அதிகமானால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும், உடம்பு குளிராது. அதனால்தான் வெயில், காற்று, ஈரப்பதம் மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீட்டைப் பார்த்துப் போட்டிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி ஏற்றுகிறார்கள். கறுப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்படும். 2007 சிகாகோ மராத்தானை வெப்பத்தால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

சூட்டில் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள், பனிக்கட்டி கிடைத்தால் தொப்பிக்குள் வையுங்கள். ஷூவுக்குள் மட்டும் தண்ணீர் இறங்கவிடாதீர்கள், ஊறிய தோலில்தான் கொப்புளம் சீக்கிரம் எழும். பக்கத்தில் ஓடுபவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிற்கவைத்து உதவியைக் கூப்பிடுங்கள். அங்கேயே பனிநீரில் அமிழ்த்திக் குளிர்வித்த பிறகுதான் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வார்கள், தாமதம்தான் அதில் உயிரை எடுக்கும்.

30-க்குப் பிறகு

இதுவரை அடக்கி ஓடியிருந்தால் இங்கேதான் அது திரும்பக் கிடைக்கும். முன்னால் பாய்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டிப் போவீர்கள். மராத்தானில் இதைவிடச் சுகமான அனுபவம் குறைவு. இனி கிலோமீட்டர் முழுவதையும் யோசிக்க வேண்டாம், அடுத்த தண்ணீர் மேசை வரைக்கும் மட்டும் யோசியுங்கள். தோளை இறக்கி, விரல்களைத் தளர்த்தி, அடியைச் சிறிதாக்குங்கள்.

தசைப்பிடிப்பு வந்தால் உப்புக் குறைவு ஒன்றுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். பழக்கத்துக்கு மீறிய வேகத்தில் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடிக்கும். நின்று, பிடித்த தசையை மெதுவாக நீட்டி 20 அல்லது 30 விநாடி வைத்திருந்து, நடந்து, பிறகு ஓடுங்கள். குத்தி உதறினால் திரும்பப் பிடிக்கும். நெஞ்சு வலி, எலும்பில் ஒரே புள்ளியில் கூர்மையான வலி, நடை கோணும் அளவு வலி ஆகிய மூன்றும் நிற்கச் சொல்லும் வலிகள். மற்ற வலிகளோடு பேரம் பேசலாம்.

நடக்க வேண்டி வந்தால் திட்டமிட்டு நடங்கள்: 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. சும்மா நடக்கத் தொடங்கினால் மறுபடி ஓடும் கணம் வராது. கட்-ஆஃப், அதாவது ஓட்டத்தை முடிக்க வேண்டிய காலக்கெடு, 6 மணி நேரம் என்றால் சராசரி 8:32 போதும். ஆனால் அந்த 6 மணி எந்தக் கடிகாரத்தில் தொடங்குகிறது, இடையில் வேறு கட்-ஆஃப் இருக்கிறதா என்று விதிமுறையில் பார்த்துவையுங்கள்.

வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றால் பாதித் தூரத்தில் நிற்கச் சொல்ல வேண்டாம், அங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். 33-க்கும் 36-க்கும் இடையில் நிற்கச் சொல்லுங்கள். ஓடுபவருக்கு இடப்புறமா வலப்புறமா என்பதைப் பேசி முடிவுசெய்யாவிட்டால், ஒருவரையொருவர் தேடிக்கொண்டே தாண்டிவிடுவீர்கள். போட்டியின் செயலியில் தெரியும் இடம், சாலையில் விரித்து சிப்பைப் பதியும் பாய்களில் கடைசியாகத் தாண்டியதிலிருந்து கணக்கிட்ட ஊகம், அது சொல்வதற்குச் சில நிமிடம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முடிவுக் கோட்டில் தலைகுனிந்து கடிகாரத்தை நிறுத்தினால் புகைப்படத்தில் உச்சந்தலைதான் இருக்கும். சிப் நேரம் தானாகப் பதியும், கடிகாரத்தைப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தலாம்.

முடித்த பிறகு

உட்காராதீர்கள், பத்து பதினைந்து நிமிடம் நடங்கள். ஓடும்போது கால் தசைகளும் சேர்ந்துதான் ரத்தத்தை மேலே தள்ளின. சட்டென்று நின்றால் அது காலிலேயே தேங்கி, அழுத்தம் இறங்கி, கண் இருட்டும். மயக்கம் வந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். ஈர உடையில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், தரும் தகட்டுப் போர்வையை மறுக்காதீர்கள், பையில் உலர்ந்த சட்டை இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, கூடவே 20 முதல் 30 கிராம் புரதம். பசிக்காவிட்டால் பாலாகக் குடித்துவிடலாம். தண்ணீரை இங்கேயும் மடமடவென்று குடிக்க வேண்டாம்.

தொடை வலி அன்றைக்கு அல்ல, இரண்டாம் நாள்தான் உச்சம் தொடும். மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடி தேவைப்படும். கொப்புளம் வலிக்காவிட்டால் உடைக்காமல் விடுங்கள். ஒரு வாரம் நடையும் நீச்சலும் போதும். ஓட்டத்தை இரண்டாம் வாரத்தில் அரை மணி நேரத்தோடு தொடங்கி, வேகப் பயிற்சியை மூன்று நான்கு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். வலி ஓய்ந்த பிறகும் தசை நார்கள் முழுதாகச் சேர்ந்திருக்காது. இந்த நாட்களில் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலோ, கால் வீங்கிக் கல்லாக இறுகினாலோ அதைச் சாதாரண வலி என்று விட்டுவிடக் கூடாது. உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.